ஃபிக்மாவில் பல பேர், ஒரே ஃபைல்: டீம், உரிமை, லைப்ரரி எல்லாம் குழம்பாமல் வைத்திருப்பது எப்படி

பலர் ஒரே நேரத்தில் ஆப், இணையதளத் திரைகளை வடிவமைக்கும் கருவியான ஃபிக்மாவில் ஃபைல் தொலைவது அபூர்வம். எந்த ஃபைல் சரியானது என்பதுதான் தொலைந்துபோகும். ‘ஹோம் ஃபைனல்’, ‘ஹோம் ஃபைனல் 2’, ‘ஹோம் ஃபைனல் கிளையன்ட் கேட்டது’ என்று மூன்று கிடக்கும். டெவலப்பர் முதலாவதைத் திறந்து வைத்துக் கோட் எழுதிக்கொண்டிருப்பார், டிசைனர் மூன்றாவதில் திருத்திக்கொண்டிருப்பார், கிளையன்ட் இரண்டாவதில் கமென்ட் போட்டிருப்பார். மூவரும் சரியாகத்தான் வேலை செய்கிறார்கள். தப்பு நடந்தது அதற்கு முன்னால், நகல் எடுத்த நிமிடத்தில்.

மூன்று பேர் முதல் இருபது பேர் வரை உள்ள டிசைன் குழுக்களுக்கான வழிமுறை இது. கட்டணத் திட்டங்களில் புரொஃபெஷனலை வைத்தே சொல்கிறோம். ஆர்கனைசேஷன் திட்டத்தில் மட்டும் கிடைப்பதை அந்தந்த இடத்தில் குறிப்பிடுகிறோம்.

முதலில், டீம் யார் பெயரில்?

ஒருவர் தன் சொந்த ஜிமெயிலில் கணக்கு திறந்து, ‘என் டீம்’ என்று ஒன்றை உருவாக்கி, மற்றவர்களை அழைத்துவிடுவார். ஆறு மாதம் கழித்து நிறுவனத்தின் வேலை முழுவதும் அந்தத் தனிமனிதக் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் தொங்குவது அறுந்துவிடும்.

டீமின் உரிமையாளர் கணக்கு நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும். ஒரு ஆளின் பெயரில் இல்லாமல், ‘டிசைன்’ என்றோ ‘ஸ்டூடியோ’ என்றோ பொதுவான பெயரில் ஒரு முகவரி இருந்தால் நல்லது. அதன் கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் குறைந்தது இருவர் கையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் இன்னொருவரை அட்மின் ஆக்குங்கள். ஒரு டீமுக்கு உரிமையாளர் ஒருவர்தான், அட்மின்கள் பலர் இருக்கலாம். ஏற்கெனவே சொந்தக் கணக்கில் டீம் நடந்துகொண்டிருந்தால், உறுப்பினர் பட்டியலைத் திறந்து உரிமையாளர் பொறுப்பை மாற்றிக்கொடுங்கள். அந்த ஆள் இன்னும் குழுவில் இருக்கும்போதே, நல்ல உறவில் இருக்கும்போதே.

அடுக்கு: எது எதற்குள்

டீமுக்குள் புராஜெக்ட், புராஜெக்ட்டுக்குள் ஃபைல், ஃபைலுக்குள் பேஜ், பேஜில் ஃபிரேம் (ஒரு திரையை வரையும் சட்டம்). இதைத் தவிர ஒவ்வொருவருக்கும் டிராஃப்ட்ஸ் என்று தனி இடம் உண்டு. குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. அங்கே உள்ள ஃபைலை நீங்களாக ஷேர் செய்யும்வரை மற்றவர் கண்ணில் படாது. இலவச ஸ்டார்ட்டர் திட்டத்தில் டீமுக்குள் 3 டிசைன் ஃபைல்தான் வைக்க முடியும், டிராஃப்ட்ஸில் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். அதனால் இலவசத்தில் பழகியவர்கள் எல்லாவற்றையும் டிராஃப்ட்ஸில் போட்டே பழகியிருப்பார்கள். கட்டணத் திட்டத்துக்கு வந்த பிறகும் கை அங்கேயே போகும்.

விதி ஒன்று போதும்: இன்னொருவர் பார்க்க வேண்டிய ஃபைல் அன்றைக்கே புராஜெக்ட்டுக்குப் போய்விட வேண்டும். ஃபைலை வலது கிளிக் செய்து ‘மூவ் ஃபைல்’ கொடுங்கள். நகர்த்தினால் லிங்க் மாறாது, கமென்ட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியும் அப்படியே கூடப் போகும். ‘டூப்ளிகேட்’ கொடுத்தால் புது லிங்க், கமென்ட் இல்லை, ஹிஸ்டரி இல்லை. நகர்த்துவதும் நகலெடுப்பதும் மெனுவில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது ஃபிக்மா செய்த பாவம்.

புராஜெக்ட்டை எதை வைத்துப் பிரிப்பது? மாதத்தை வைத்தோ ஆளை வைத்தோ பிரிக்காதீர்கள். இரண்டும் சீக்கிரம் பொய்யாகும். யார் பார்க்கலாம் என்பதை வைத்துப் பிரியுங்கள். ஏனென்றால் உரிமை புராஜெக்ட் அளவில்தான் சுலபமாக அடங்கும். ஒரு கிளையன்டுக்கு ஒரு புராஜெக்ட், எல்லா ஃபைலும் பகிரும் பட்டன், நிறம் போன்றவற்றை வைத்திருக்கும் லைப்ரரிகளுக்குத் தனியாக ஒன்று, கிளையன்ட் கண்ணில் படக்கூடாத உள்வேலைக்கு ஒன்று. ஆறு பேர் கொண்ட ஸ்டூடியோவுக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை. காலி புராஜெக்ட்களை முன்கூட்டியே உருவாக்கி அடுக்கி வைப்பவர்கள் உண்டு. அவை காலியாகவே இருக்கும்.

ஃபைல் பெயரில் தேதியும் ‘ஃபைனல்’ என்ற சொல்லும் வேண்டாம். ‘பேமென்ட் ஆப் – பணம் அனுப்புதல்’ என்று வேலையைச் சொன்னால் போதும். நிலைமையைக் கவர் சொல்லட்டும். முதல் பேஜில் 1920 × 1080 அளவில் ஒரு ஃபிரேம் போட்டு, வேலையின் பெயர், பொறுப்பாளர் பெயர், ‘நடப்பில் / சரிபார்ப்பில் / முடிந்தது’ என்ற நிலை ஆகியவற்றை எழுதி, வலது கிளிக்கில் தம்ப்நெயிலாக வைத்துவிடுங்கள். புராஜெக்ட்டைத் திறந்த மாத்திரத்தில் எது உயிரோடிருக்கிறது என்று தெரியும்.

பேஜ்களுக்கு: கவர், டெவலப்பருக்குத் தயாரானவை, நடப்பு வேலை, பழையவை என்று நான்கு போதும். வெறும் கோடுகளை மட்டும் பெயராக வைத்த பேஜ் பட்டியலில் பிரிப்புக் கோடாக மாறிவிடும், அதைப் பயன்படுத்தலாம். ஸ்டார்ட்டர் திட்டத்தில் ஒரு ஃபைலுக்கு 3 பேஜ்தான் என்பதால் அங்கே ‘பழையவை’யை நடப்பு பேஜிலேயே ஒரு செக்ஷனாக (ஃபிரேம்களைச் சேர்த்து வைக்கும் பகுதியாக) வையுங்கள்.

சீட் வேறு, உரிமை வேறு

‘எனக்கு எடிட் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் திருத்த முடியவில்லை’ என்ற புகார் வாரம் ஒருமுறை வரும். காரணம், ஃபிக்மாவில் பூட்டு இரண்டு. ஒன்று சீட்: இந்த ஆளுக்கு எந்தக் கருவிக்குப் பணம் கட்டியிருக்கிறோம் என்பது. 2025 மார்ச் முதல் அது ஃபுல், டெவ், கொலாப், வியூ என்று நான்கு வகை. மற்றது உரிமை: இந்த ஃபைலில் இவர் என்ன செய்யலாம் என்பது. ‘கேன் எடிட்’டா, ‘கேன் வியூ’வா? டிசைன் ஃபைலைத் திருத்த ஃபுல் சீட்டும் வேண்டும், அந்த ஃபைலில் கேன் எடிட்டும் வேண்டும். ரயிலில் டிக்கெட் இருந்தாலும் ஏறிய பெட்டி வேறாக இருந்தால் உட்கார முடியாது இல்லையா, அப்படித்தான்.

யாருக்கு என்ன சீட் என்பதில் தாராளம் வேண்டாம். டிசைனர்களுக்கு ஃபுல். அளவு, நிறம், கோட் விவரம் பார்க்கும் டெவலப்பருக்கு டெவ். ஃபிக்மாவின் வெண்பலகையான ஃபிக்ஜாமில் யோசனை ஒட்டுபவருக்கும் ஸ்லைடு செய்பவருக்கும் கொலாப். கமென்ட் மட்டும் போடும் கிளையன்ட், மேலாளர், எழுத்தாளர் எல்லோருக்கும் இலவச வியூ போதும். வியூ சீட்டிலேயே கமென்ட் போடலாம் என்பது பலருக்குத் தெரியாமல் வீணாகப் பணம் போகிறது. ஒருவர் கூடுதல் சீட் கேட்டால் அந்தக் கோரிக்கை அட்மினுக்கு வரும். தானாக ஒப்புதல் தரும்படி அமைப்பு இருக்கிறதா என்று அட்மின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பில் வந்த பிறகு பார்க்க வேண்டாம். ஆண்டுச் சந்தாவில் வாங்கிய சீட்டை நடுவில் விட்டால் பணம் திரும்பாது. ஆள் போனால் அதே சீட்டை அடுத்தவருக்கு மாற்றிக்கொடுங்கள்.

உரிமை மேலிருந்து கீழே வழியும். டீமில் கேன் எடிட் பெற்றவருக்கு அதன் திறந்த புராஜெக்ட்களிலும் ஃபைல்களிலும் அது கிடைத்துவிடும். மேலே அள்ளிக் கொடுத்ததைக் கீழே ஃபைல் ஃபைலாகப் பறிக்க முயல்வது வீண் வேலை. மாற்றிச் செய்யுங்கள்: டீமில் எல்லோருக்கும் கேன் வியூ, வேலை செய்கிறவருக்கு மட்டும் அந்தந்த புராஜெக்ட்டில் கேன் எடிட். ரகசிய வேலையென்றால் அந்த புராஜெக்ட்டின் ஷேர் அமைப்பில் ‘அழைக்கப்பட்டவர் மட்டும்’ என்று மாற்றிவிடுங்கள். டீமில் இருப்பவருக்குக்கூட அது தெரியாது.

லைப்ரரி புராஜெக்ட்டுக்கு மட்டும் இன்னும் கறார் வேண்டும். ஆறு பேர் குழுவில் இருவருக்குக் கேன் எடிட் இருந்தால் போதும். மற்ற நால்வருக்குத் திறமை இல்லை என்று அர்த்தமில்லை. மூலக் காம்பொனென்ட்டில் (மற்ற ஃபைல்கள் எடுத்துப் பயன்படுத்தும் மூல வடிவத்தில்) கை தவறி ஒரு பிக்சல் நகர்ந்தாலும், லைப்ரரியை அடுத்து வெளியிடும்போது அது எல்லா ஃபைலுக்கும் அப்டேட்டாகப் போய்ச் சேரும்.

வெளியாட்களுக்கு லிங்க் அனுப்பும் முன்

ஷேர் பெட்டியில் பார்க்க வேண்டியவை மூன்று. லிங்க் யாருக்குத் திறக்கும், ‘லிங்க் உள்ள எவருக்கும்’ என்றா, ‘அழைக்கப்பட்டவருக்கு மட்டும்’ என்றா? எவருக்கும் என்றால் அது எடிட்டா, வியூவா? லிங்க் உள்ள எவரும் திருத்தலாம் என்று விட்டுவிட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டால், யார் கையில் அது போய்ச் சேரும் என்பதற்குக் கணக்கே கிடையாது. மூன்றாவது, பார்ப்பவர்கள் நகலெடுக்கவும் எக்ஸ்போர்ட் செய்யவும் விடுவதா என்ற டிக். அது இருந்தால், வியூ உரிமை மட்டும் உள்ளவரும் முழு ஃபைலைத் தன் டிராஃப்ட்ஸுக்கு டூப்ளிகேட் செய்துகொள்ளலாம். ஒப்பந்தம் கையெழுத்தாகாத கிளையன்டுக்கு அனுப்பும்போது அதை எடுத்துவிடுங்கள். கட்டணத் திட்டத்தில் லிங்க்குக்குக் கடவுச்சொல்லும் வைக்கலாம்.

கிளையன்ட் பார்க்க வேண்டியது ஒரு திரைதான் என்றால் அந்த ஃபிரேமை வலது கிளிக் செய்து, தேர்ந்தெடுத்ததற்கான லிங்க்கை எடுத்து அனுப்புங்கள். இதில் ஒரு நுணுக்கம்: அந்த லிங்க் ஃபிரேமின் உள் எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஃபிரேமை நகலெடுத்து, நகலைத் திருத்தி, மூலத்தை அழித்துவிட்டால், கண்ணுக்கு அதே திரைதான், எண் வேறு. ஃபைல் திறக்கும், ஃபிரேம் கிடைக்காது. டெவலப்பரின் வேலைக் குறிப்பில் (டிக்கெட்டில்) ஒட்டிய லிங்க்கும் அப்படியே செத்துவிடும். ஆகவே பழையதை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் நகலைப் ‘பழையவை’ பேஜுக்கு அனுப்புங்கள், மூலத்தின் மேல் திருத்துங்கள். கைப்பழக்கம் பலருக்கு இதற்கு நேர்மாறாக இருக்கும்.

ஒரே ஃபைலில் நான்கு கர்சர்

ஒருவர் ஒரு செவ்வகத்தின் நிறத்தையும் இன்னொருவர் அதே செவ்வகத்தின் அகலத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் இரண்டும் நிற்கும். இருவரும் நிறத்தையே மாற்றினால், சர்வருக்குக் கடைசியாக வந்த நிறம் ஜெயிக்கும். ஃபிக்மாவின் இணைநிறுவனர் இவான் வாலஸ் 2019-இல் விளக்கி எழுதிய முறை இதுதான்: மோதல் பார்க்கப்படுவது ஒரு பொருளின் ஒரு பண்பு என்ற அளவில். எழுத்துக்கும் அதே கதி. ஒரு டெக்ஸ்ட் லேயரில் உள்ள முழு வாசகமும் ஒரே பண்பு. ஒருவர் வாக்கியத்தின் தொடக்கத்தையும் மற்றவர் முடிவையும் ஒரே நொடியில் திருத்தினால் இரண்டும் கலந்து வராது, ஏதோ ஒன்றுதான் மிஞ்சும். எழுத்தாளரும் டிசைனரும் சேர்ந்து உட்காரும்போது ‘நான் இந்த செக்ஷன், நீங்க அந்த செக்ஷன்’ என்று வாயால் பிரித்துக்கொள்வதே நல்ல தொழில்நுட்பம். செக்ஷன் போட ஷிஃப்ட் + எஸ்.

கண்ட்ரோல் + இசட் உங்கள் வேலையை மட்டும்தான் பின்னோக்கும், பக்கத்து ஆளின் வேலையைத் தொடாது. ஃபைலை மூடித் திறந்தால் அந்த வரிசையும் போய்விடும். இணையம் அறுந்தால் பயப்பட வேண்டாம்: திறந்திருக்கும் ஃபைலில் தொடர்ந்து வேலை செய்யலாம், இணைப்பு வந்ததும் மாற்றங்கள் ஏறும். ஆனால் அதுவரை டேபை மூடாதீர்கள், லாக் அவுட் செய்யாதீர்கள், பிரவுசர் கேஷைத் துடைக்காதீர்கள். கரண்ட் போய் மோடம் அணைந்து, லேப்டாப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ‘ரீஃப்ரெஷ் பண்ணிப் பார்ப்போம்’ என்று கை போகும். அங்கேதான் அடக்க வேண்டும்.

வெர்ஷன் ஹிஸ்டரி

திருத்துவதை நிறுத்தி 30 நிமிடம் ஆனால் ஃபிக்மா தானாக ஒரு பதிவு எடுத்துக்கொள்ளும். அவற்றுக்குப் பெயர் இல்லை, நேரம் மட்டும் இருக்கும். செவ்வாய் மதியம் 3:40-க்கு என்ன நிலையில் இருந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? எனவே முக்கியமான கட்டங்களில் நீங்களே பெயர் வைத்துச் சேமியுங்கள்: விண்டோஸில் கண்ட்ரோல் + ஆல்ட் + எஸ், மேக்கில் ஆப்ஷன் + கமாண்ட் + எஸ். ‘கிளையன்ட் ஒப்புக்கொண்டது, செக்அவுட் 4 திரை’ என்பது போல. ‘ஃபைனல்’ என்ற சொல்லை எழுதத் துடிக்கிறவர்கள் அதை இங்கே எழுதிக்கொள்ளலாம், கேடில்லை. ஸ்டார்ட்டரில் ஹிஸ்டரி 30 நாள் வரைதான், கட்டணத் திட்டங்களில் முழுதும் உண்டு.

யாரோ ஒரு திரையை நாசமாக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே ‘ரீஸ்டோர்’ அழுத்தினால் முழு ஃபைலும் அந்த நாளுக்குப் போகும், நடுவில் மற்ற மூவர் செய்த நல்ல வேலையும் கண்ணிலிருந்து மறையும். அழியாது, ஹிஸ்டரியில் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் ஃபைலைத் திறந்து வைத்திருப்பவருக்கு உயிரே போய் உயிர் வரும். அதைவிடச் சுத்தமான வழி:

1. ஹிஸ்டரியைத் திறந்து சரியாக இருந்த பதிவைக் கிளிக் செய்யுங்கள். அது பார்க்க மட்டும் திறக்கும்.
2. வேண்டிய ஃபிரேமைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + சி.
3. ஹிஸ்டரியை மூடி இன்றைய நிலைக்கு வாருங்கள்.
4. நாசமான ஃபிரேமின் பக்கத்தில் ஒட்டி, உள்ளே இருப்பவற்றை மட்டும் பழைய ஃபிரேமுக்குள் மாற்றுங்கள். ஃபிரேமை அழிக்காததால் லிங்க் பிழைக்கும்.

கிளை பிரித்து வேலை செய்யும் பிராஞ்சிங் ஆர்கனைசேஷன், என்டர்பிரைஸ் திட்டங்களில் மட்டும். இருந்தால் லைப்ரரி மாற்றங்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள். சேர்க்கும் முன் மூல ஃபைலின் புது மாற்றங்களைக் கிளைக்குள் இழுத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். சாதாரணத் திரை வேலைக்குப் பிராஞ்ச் எடுப்பது கொசுவுக்குப் பீரங்கி.

லைப்ரரி: அதிகம் உடைவது இங்கே

பொதுவான பட்டன், ஐகான், நிறம், எழுத்து நடை எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கும். அந்த ஃபைலை லைப்ரரியாகப் பப்ளிஷ் செய்தால் மற்ற ஃபைல்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். மூலத்தில் இருப்பது காம்பொனென்ட், திரைகளில் இருப்பது அதன் இன்ஸ்டன்ஸ். பப்ளிஷ் செய்ய அசெட்ஸ் பகுதியில் உள்ள புத்தக ஐகானை அழுத்தி, இந்த ஃபைலுக்கு எதிரே பப்ளிஷ் கொடுக்க வேண்டும். மாறியவற்றின் பட்டியல் வரும். அதை வாசியுங்கள். ஒரு நிறத்தை மட்டும் மாற்றியதாக நினைத்த இடத்தில் பதினான்கு காம்பொனென்ட் நின்றால் ஏதோ தவறிப்போயிருக்கிறது. குறிப்புப் பெட்டியில் என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். எதிர்ப்பக்கம் அப்டேட்டை ஏற்பவர் பார்ப்பது அதைத்தான். கட்டுமானத்துக்கு மட்டும் தேவையான உள்காம்பொனென்ட்களின் பெயர் முன்னால் ஒரு புள்ளி அல்லது அடிக்கோடு வைத்தால் அவை பப்ளிஷ் ஆகாது.

பெயரில் சாய்கோடு போட்டால் அடுக்கு உருவாகும்: ‘ஐகான்/அம்பு/வலது’. பெயரிடும் முறையை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பின்னால் மாற்றலாம்தான், இணைப்பு அறுகாது, ஆனால் எல்லோரும் தேடிப் பழகிய சொல் காணாமல் போகும்.

இனி உடையும் இடங்கள்.

மூலக் காம்பொனென்ட்டுக்குள் இருக்கும் டெக்ஸ்ட் லேயரை அழித்துவிட்டு அதே இடத்தில் புதிதாக ஒன்று போடுவது. மூலத்தில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பப்ளிஷ் ஆகி, திரை ஃபைலில் அப்டேட் ஏற்றதும், ‘பணம் அனுப்பு’, ‘ரத்து செய்’, ‘மீண்டும் முயல்’ என்று இருந்த பட்டன்கள் எல்லாம் வரிசையாக ‘பட்டன்’, ‘பட்டன்’, ‘பட்டன்’ என்று நிற்கும். திரைகளில் மாற்றி எழுதிய வாசகம் பழைய லேயரோடு ஒட்டியிருந்தது. லேயர் போனதும் அதுவும் போயிற்று. ஆகவே உள்ளிருக்கும் லேயரைத் திருத்துங்கள், மாற்றி வைக்காதீர்கள்.

இரண்டாவது, லைப்ரரி ஃபைலை டூப்ளிகேட் செய்து ‘புதிய லைப்ரரி’ என்று பெயர் வைத்துப் பழையதை ஓரம் கட்டுவது. நகலில் உள்ள ஒவ்வொரு காம்பொனென்ட்டும் ஃபிக்மாவின் கணக்கில் வேறு ஆள். பழைய திரைகள் பழைய லைப்ரரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பழையதை அழித்தாலும் திரைகளில் பட்டன் மறையாது, ஆகவே யாருக்கும் உடனே தெரியாது. இனிமேல் அப்டேட் வராது என்பதோடு சரி. மூன்று மாதம் கழித்து பிராண்ட் நிறம் மாறும்போதுதான் பாதித் திரை நீலமாகவும் பாதி பச்சையாகவும் நின்று காட்டிக்கொடுக்கும். ஏற்கெனவே இப்படி நடந்திருந்தால், திரை ஃபைலில் லைப்ரரிகள் பெட்டியைத் திறந்து பழைய லைப்ரரியைத் தேர்ந்தெடுத்து ‘ஸ்வாப் லைப்ரரி’ கொடுங்கள். அது பெயரை வைத்துத்தான் பொருத்தும், எனவே இரண்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு காம்பொனென்ட்டை ஒரு லைப்ரரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. நகலெடுத்து ஒட்டினால் வந்து விழுவது மூலம் இல்லை, இன்ஸ்டன்ஸ். சரியான வரிசை: மூலக் காம்பொனென்ட்டைக் கண்ட்ரோல் + எக்ஸ் கொடுத்து வெட்டுங்கள், புது ஃபைலில் ஒட்டுங்கள், முதலில் புது ஃபைலைப் பப்ளிஷ் செய்யுங்கள், அதன் பிறகு பழைய ஃபைலைப் பப்ளிஷ் செய்யுங்கள். இந்த வரிசையில் போனால் திரைகளில் உள்ள இன்ஸ்டன்ஸ்கள் இடம் மாறியதை உணர்ந்து புது முகவரியைப் பிடித்துக்கொள்ளும். வரிசை மாறினால் பழைய ஃபைல் ‘இது அழிக்கப்பட்டது’ என்று அறிவித்துவிடும்.

டிடாச் பற்றி ஒரு வார்த்தை. கண்ட்ரோல் + ஆல்ட் + பி (B) அழுத்தினால் இன்ஸ்டன்ஸ் வெறும் ஃபிரேமாகிவிடும், அப்டேட் வராது. அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒரே காம்பொனென்ட்டைப் பலரும் டிடாச் செய்கிறார்கள் என்றால் அந்தக் காம்பொனென்ட்டில்தான் குறை. ஆட்களைக் கண்டிப்பதை விட்டு அதற்கு இன்னொரு வேரியன்ட் (மாற்று வடிவம்) சேர்த்துக்கொடுங்கள்.

தமிழ் எழுத்து உள்ள ஃபைல்களுக்கு

நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர், கேட்டமரன், பலூ தம்பி போன்ற கூகுள் எழுத்துருக்கள் ஃபிக்மாவுக்குள்ளேயே இருக்கின்றன. எல்லோர் திரையிலும் ஒன்றாகத் தெரியும். ஒருவர் கணினியில் மட்டும் நிறுவிய எழுத்துரு என்றால் மற்றவர்களுக்கு ‘எழுத்துரு இல்லை’ எச்சரிக்கை வரும், அந்த டெக்ஸ்டைத் திருத்த முடியாது. எல்லோரும் நிறுவ வேண்டும். ஆர்கனைசேஷன் திட்டத்தில் அட்மின் ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும்.

அச்சகத்திலிருந்து வரும் பழைய பாமினி வாசகம் தனிச் சங்கடம். அது யூனிகோட் இல்லை. தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஒளித்து வைத்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாதவர் திறந்தால் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று சிதறிக் கிடக்கும். கான்வாஸில் ஒட்டும் முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று சத்தமில்லாமல் நடக்கும். ஃபிக்மாவின் இயல்பான எழுத்துரு இன்டர். அதில் தமிழ் கிடையாது. இன்டரில் தமிழ் தட்டினால் எச்சரிக்கை எதுவும் வராது, மாற்று எழுத்துருவைக் கடன் வாங்கி அழகாகக் காட்டிவிடும். கோட் விவரம் காட்டும் டெவ் மோடில் டெவலப்பருக்கு மட்டும் ‘இன்டர்’ என்றே போகும். போனில் அந்தத் தமிழ் வேறு முகத்தோடு வரும், வரி உயரம் இடிக்கும். லைப்ரரியில் தமிழுக்கென்று தனி டெக்ஸ்ட் ஸ்டைல்கள் வைத்து, எழுத்துருவைப் பெயர் சொல்லி அமைத்து, வரி உயரத்தை 150 சதவீதத்தில் தொடங்குங்கள்.

ஃபைல் கனத்தால்

ஒரு ஃபைலுக்கு பிரவுசர் டேபில் 2 ஜிபி நினைவக வரம்பு. நெருங்கினால் ஃபிக்மா எச்சரிக்கும். மறைத்து வைத்த லேயர்கள், யாரும் தொடாத வேரியன்ட்கள், ‘பழையவை’ பேஜில் குவிந்தவைதான் பெரும்பாலும் குற்றவாளிகள். பெயர் வைத்து ஒரு வெர்ஷன் சேமித்துவிட்டுப் பழையவற்றைத் தைரியமாக அழியுங்கள், ஹிஸ்டரியில் இருக்கும். அப்படியும் கனமாக இருந்தால் வேலை வழியாகப் பிரித்து இரண்டு ஃபைல் ஆக்குங்கள்.

ஆள் விலகும்போதும், கிளையன்டுக்கு ஒப்படைக்கும்போதும்

விலகுபவர் கடைசி நாளுக்கு முன் தன் டிராஃப்ட்ஸைத் திறந்து, நிறுவன வேலை அத்தனையையும் புராஜெக்ட்களுக்கு நகர்த்த வேண்டும். அவரோடு உட்கார்ந்து பார்த்துச் செய்யுங்கள். ‘எல்லாம் போட்டுட்டேன்’ என்ற வாய்வார்த்தையில் இரண்டாவது பேஜ் எப்போதும் விட்டுப்போயிருக்கும். அவர் உரிமையாளராக உள்ள ஃபைல்களையும் புராஜெக்ட்களையும் வேறொருவருக்கு மாற்றுங்கள். அவர் கணக்கில் எடுத்த ஏபிஐ டோக்கனில் (வேறு மென்பொருள் ஃபிக்மாவுக்குள் வருவதற்கான சாவியில்) ஓடும் இணைப்புகள் ஏதாவது உண்டா என்று டெவலப்பரிடம் கேளுங்கள், கணக்கு போன அன்று அவையும் நின்றுவிடும். பிறகு டீமிலிருந்து நீக்குங்கள். தனியாக ஒரு ஃபைலுக்கோ புராஜெக்ட்டுக்கோ அவரை அழைத்திருந்தால் அங்கும் போய் எடுக்க வேண்டும்.

ஒப்படைப்பில் கிளையன்டைத் தங்கள் பெயரில் டீம் திறக்கச் சொல்லி, அதில் உங்களுக்கு எடிட் வாங்கிக்கொள்ளுங்கள். நகர்த்த இரண்டு பக்கமும் உரிமை வேண்டும். முதலில் லைப்ரரி ஃபைல் போகட்டும். சேர்ந்த இடத்தில் அது இன்னும் பப்ளிஷ் நிலையில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுபடி பப்ளிஷ் செய்துவிட்டு, அதன் பிறகே திரை ஃபைல்களை நகர்த்துங்கள். ஒரு திரையைத் திறந்து ஒரு பட்டனின் மூலக் காம்பொனென்ட்டுக்குப் போய்ப் பாருங்கள். புது டீமின் லைப்ரரி திறந்தால் இணைப்பு சரி.

எல்லாம் முடிந்ததும் பிரவுசரில் ஒரு இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து, இதுவரை வெளியே அனுப்பிய பழைய லிங்க்குகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள். லாகின் கேட்டால் சரி. டிசைன் திறந்தால் மறுபடி ஷேர் பெட்டி.